ஒரு புள்ளியில் ஒரு திசை

என் கையெழுத்து கோழி கிளறின மண் போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சொற்களில் பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

இதை எழுதாமலே இருந்திருப்பேன். ஆனால் வத்தேகம டவுனில் எந்தக் கடைக்குப் போனாலும் அந்த டீச்சரின் பேச்சு வருகிறது. "கண்ணே தெரியாம பாடம் நடத்துன பொம்பள" என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்கு நாலு பேர் முன்னால் நின்று எதிர்த்துப் பேச வராது. சாமானை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி வந்துவிடுவேன். வாயால் சொல்ல முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன். பெயரை எழுதவில்லை. தன் பெயர் இப்படி வருவதை அவர் விரும்பமாட்டார்.

நான் கிரில் பட்டறையில் வெல்டிங் வேலை செய்கிறவன். கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, இவைதான் எங்கள் வேலை. முதலாளி முஸ்லிம் மனிதர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணன் என்பது போல நான் அவரை நானா என்பேன். அவர் என்னைப் பாஸ் என்பார். இந்தப் பக்கம் கைவேலை செய்கிற எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

டீச்சர் முதலில் வந்தது ஒரு மழை நாளில். யாழ்ப்பாணத்துப் பக்கத்துப் பேச்சு. ஒல்லியான ஆள், ஐம்பது தாண்டியிருக்கும். குடையை மடக்கிக் கதவோரம் வைத்துவிட்டுக் கைப்பையிலிருந்து ஒரு வெண்கட்டியை எடுத்தார். கேட்காமலே எங்கள் சீமெந்துத் தரையில் குந்தி ஒரு வட்டம் கீறினார். அதைச் சுற்றி நாலா பக்கமும் கோடுகள்.

"இது பூமி. இதுகள் ஈர்ப்புப் புலக்கோடுகள். இதை எனக்கு இரும்பில செய்து தரவேணும்."

நானா தாடியைத் தடவினார். "டீச்சர், கேட்டுக்கு மேல வைக்கிற உருண்ட எங்கள்ட்ட ஈக்கி. கம்பியும் ஈக்கி. ஆனா இது என்னத்துக்குண்டு செல்லுங்களே."

"பிள்ளையளுக்குப் படிப்பிக்க."

நான் சாதாரணமாகப் புது ஆட்களிடம் கேள்வி கேட்கிறவன் இல்லை. அன்றைக்கு எப்படியோ கேட்டுவிட்டேன். "பூமியச் சுத்தி இந்த மாதிரிக் கோடு இருக்கா டீச்சர்?"

"இல்லை."

"இல்லாதத ஏன் இரும்புல செய்யணும்?"

"இல்லாதபடியாத்தான் தம்பி. இழுவை இருக்கு, ஆனா கண்ணுக்குத் தெரியாது. அது எந்தப் பக்கம் இழுக்குதெண்டு காட்டுறதுக்குத்தான் கோடு. ஒரு கல்லை இந்த இடத்தில விட்டா எந்தப் பக்கம் போகும்? இந்தக் கோடு சொல்லும்."

செய்து வைத்தேன். உருண்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் கம்பி. அம்புக்குறி வேண்டும் என்று சொல்லியிருந்தார். எங்களிடம் கேட்டுக்கு வைக்கிற ஈட்டிமுனை நிறைய இருந்தது. ஒவ்வொரு கம்பியின் வெளி நுனியிலும் ஒன்று வைத்து நன்றாக ஒட்டினேன். பதினைந்து வருடமாகக் கேட் செய்கிறவனுக்கு ஈட்டிமுனை வெளியே பார்க்க வேண்டும் என்பதுதான் தெரியும்.

டீச்சர் வந்தார். பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் பார்க்கவில்லை, கையை நீட்டித் தடவினார். முனை உள்ளங்கையில் குத்தியது. கையை இழுத்துக்கொண்டார்.

"இது பூமியோ, முள்ளம்பண்டியோ?"

நானா சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு சட்டையில் விழுந்தது. "கள்ளன் ஏறாம ஈக்க வச்சீக்கிறாரு டீச்சர்! எங்கட பாஸுக்கு ஒலகமே ஒரு கேட்டுதான்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. டீச்சர் சிரிக்கவில்லை. "பூமி ஒண்டையும் வெளியில தள்ளாது தம்பி. எல்லாத்தையும் தன்னட்டத்தான் இழுக்கும். அம்பு உள்ளுக்குப் பார்க்கவேணும். ஒண்டுகூட வெளியில பார்க்கக் கூடாது" என்றார். எல்லா முனையையும் வெட்டி, திருப்பி ஒட்டிக் கொடுத்தேன். அதைத் திரீவீல் ஆட்டோவில் ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் அது மடியில் இருந்ததாம்.

அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் என் மகள் படித்தாள். உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு. எங்கள் தோட்டத்து லயத்திலிருந்து விஞ்ஞானம் படிக்கப் போன முதல் பிள்ளை அவள். டீச்சர் வருவதற்கு முன் அங்கே தமிழில் பௌதிகவியல் படிப்பிக்க ஆளே இல்லை. அந்தக் கதிரை இரண்டு வருடம் வெறுமையாகக் கிடந்தது. டீச்சர் வந்த பிறகுதான் பிரிவையே திரும்பத் திறந்தார்கள். வகுப்பில் ஒன்பது பிள்ளைகள்.

இரும்புப் பூமி போன அன்று மகள் வீட்டுக்கு வந்து கையைக் காட்டினாள். "அப்பா, டீச்சர் எங்க எல்லாரையும் கம்பிக்கு நடுவுல கைய விடச் சொன்னாங்க. வெளிப்பக்கம் முழுக் கையும் போகுது. உள்ள போகப் போக விரல்கூட நுழையல. கோடு நெருங்குற எடத்துலதான் இழுவை கூடவாம். எனக்கு அது புரிஞ்சிருச்சு."

"அத செஞ்சது யாருன்னு சொன்னியா?"

"சொல்லல. எல்லாரும் பார்ப்பாங்க." அவளும் என்னைப் போலத்தான்.

டீச்சருடைய பெரிய குணம் ஒன்று உண்டு. அவருக்கு எதிலும் ஒரு பதில்தான் வேண்டும். நானாவிடம் ஒரு முறை, வேலை எப்போது முடியும் என்று கேட்டார்.

"வெள்ளிக்கெழம பாப்பம் டீச்சர். இல்லாட்டி சனி."

"எந்த நாள்?"

"வெள்ளி... கரண்ட் போகாட்டி..."

"ஒரு நாளைச் சொல்லுங்கோ. பிழையா இருந்தாலும் பரவாயில்லை. ரெண்டு நாளைச் சொன்னா அது நாளே இல்லை."

நானா பாவம், "சனி" என்றார். சனிக்கிழமை மதியத்துக்கு முன்னமே டீச்சர் வந்து நின்றார்.

றோட்டைக் குறுக்கே கடக்கமாட்டார். சந்தைக்குள்ளால் போனால் அவருடைய அறைக்குக் கிட்ட. போகமாட்டார். பெரிய றோட்டால் நேராகப் போய், ஆட்கள் கடக்கிற மஞ்சள் கோட்டில் கடந்து, நேராகத் திரும்புவார். எதிரே ஆள் வந்தால் விலகமாட்டார், ஆள்தான் விலகவேண்டும். "டீச்சர் றோட்டுல போறாங்களா, தண்டவாளத்துல போறாங்களா?" என்பார் நானா. அது குணத்தால் வந்ததா, கண்ணால் வந்ததா என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

இரும்புப் பூமியை எடுத்துப்போக வந்த அன்றே, புலக்கோடுகள் ஒன்றையொன்று வெட்டாது என்பதை அவர் எனக்கும் சொல்லித் தந்தார். கம்பிகளில் இரண்டை நான் கொஞ்சம் சரித்து ஒட்டியிருந்தேன். நுனியில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. விரலால் தடவிக் கண்டுபிடித்துவிட்டார்.

"இந்த ரெண்டும் வெட்டுற இடத்தில நீங்கள் நிக்கிறியள் எண்டு வைப்பம். கையில இருக்கிற கல்லை விடுறியள். கல் எந்தக் கோட்டால போகும்?"

யோசித்தேன். "தெரியல டீச்சர்."

"கல்லுக்குத் தெரியும். கல் ஒருநாளும் யோசிச்சுக்கொண்டு நிக்காது. ஒரு புள்ளியில ஒரு திசைதான். அதாலதான் கோடு வெட்டாது. வெட்டினா கீறினவர் பிழை, பூமியில பிழை இல்லை."

அவருடைய கண்ணைப் பற்றித் தெரிந்தது அதற்குப் பிறகு ஒரு பின்னேரம். நானா தொழுகைக்குப் போயிருந்தார். டீச்சர் உள்ளே வரும்போது பக்கத்தில் சாத்தி வைத்திருந்த இரும்புக் குழாய்க் கட்டின் மேல் இடித்தார். குழாய்கள் எல்லாம் சரிந்தன, அவரும் விழுந்தார். நடுப்பகல் போல வெளிச்சம். குழாய்கள் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தன என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அவருக்கு முன்னால் இல்லை, பக்கத்தில்தான் இருந்தன.

தூக்கிவிடப் போனேன். கையைத் தட்டிவிட்டார். தானே எழுந்து சேலையைச் சரிசெய்தார். பிறகு விழுந்து கிடந்த ஒரு துண்டுக் குழாயை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"ஒரு கண்ணை மூடிக்கொண்டு இதுக்குள்ளால பாருங்கோ."

பார்த்தேன். சுவரில் தொங்குகிற கலண்டரில் ஒரு இலக்கம் மட்டும் தெரிந்தது.

"என்ன தெரியுது?"

"ஏழு."

"எனக்கும் அவ்வளவுதான் தெரியிறது. கண்ணில பிரஷர். கண்டி பெரியாஸ்பத்திரியில காட்டினனான். போனது திரும்பி வராதாம், மிச்சமும் மெல்ல மெல்லப் போகுமாம்."

"ஸ்கூல்ல தெரியுமா டீச்சர்?"

"தெரிஞ்சால் என்னை வீட்ட அனுப்புவினம். அனுப்பினால் ஆர் வருவினம்? ஒருத்தரும் வராயினம். இந்த ஒன்பது பிள்ளையளும் சோதினை எழுதும் மட்டும் இந்தக் குழாய் எனக்குப் போதும். போர்டில கீறுறதுதான் கஷ்டம். வெண்கட்டி நுனி தெரியும், பக்கத்தில கீறின கோடு தெரியாது. அதுக்குத்தான் உங்கட இரும்பு."

என் மகளும் அந்த ஒன்பதில் ஒருத்தி என்று அப்போதுதான் சொன்னேன். டீச்சர் முகத்தைத் திருப்பி என்னை அந்தக் குழாய்க்குள் கொண்டுவந்து பார்த்தார்.

"அப்ப நீங்கள் கதைக்கமாட்டியள்" என்றார்.

அது உண்மை. ஆனால் எனக்குள் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரு திசைதான் என்கிறவர், கண் தெரிகிறவர் போலவும் தெரியாதவராகவும் எப்படி இருக்கிறார்? கேட்க எனக்குத் துணிவில்லை. நான் கேட்காமலே அவர் அதற்குப் பதில் சொன்னார். வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தவர் இடையில் நிறுத்தி, "ரெண்டு பக்கத்தாலயும் இழுத்தாலும் கூட்டிப் பார்த்தா ஒரு பக்கம்தான் வரும் தம்பி. நான் கூட்டிப் பார்த்திட்டன்" என்றார்.

அன்றிலிருந்து மகள் பள்ளிக்கூடக் கதை சொல்லும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன். டீச்சர் இன்றைக்கு யாரையோ பெயர் மாற்றிக் கூப்பிட்டார் என்பாள். மேசையில் இடித்துக்கொண்டார் என்பாள். "வயசானா அப்படித்தான், நீ பாடத்தப் பாரு" என்பேன்.

இரண்டாவது உருவம் ஒன்று கேட்டு வந்தார். இந்த முறை பெரிய உருண்டையும் சின்ன உருண்டையும். பூமியும் சந்திரனும். கோடுகள் நேராக வராது, ஒன்றுக்காக மற்றது வளையும் என்றார். தரையில் கீறவில்லை. கட்டுக்கம்பி கேட்டு வாங்கி, விரலாலேயே வளைத்து வளைத்துக் காட்டினார். இரண்டு உருண்டைக்கும் நடுவில், சின்னதற்குக் கிட்ட, ஒரு இடத்தை வெறுமையாக விட்டார்.

"இங்க?" என்று கேட்டேன்.

"இங்க ரெண்டு இழுவையும் சமன். ஒண்டும் இழுக்காது. கோடே இல்லை."

நானா எட்டிப் பார்த்தார். "அப்ப நல்ல எடம். அங்க ஒரு காணி பாத்துக் குடுங்க டீச்சர்."

"அங்க வீடு கட்டினா முதல்ல நான்தான் குடிபோவன்" என்றார் டீச்சர். அவர் பகிடி விட்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். நானா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த புதன் என்று நாள் சொல்லியிருந்தோம். ஆனால் பாடம் அதற்கு முந்தின வாரமே அந்த இடத்துக்கு வந்துவிட்டது. பாடத்தை நிறுத்தி வைக்கிற ஆள் அவர் இல்லை. போர்டில் கீறினார்.

எங்கள் பிள்ளைகள் பழக்கம் ஒன்று உண்டு. போர்டில் இருப்பதை அப்படியே கொப்பியில் இறக்குவார்கள். சரியா பிழையா என்று கேட்கமாட்டார்கள். என் மகள் சின்ன வகுப்பில் போர்டில் இருந்த வெடிப்பையும் ஒரு கோடாகக் கீறிக்கொண்டு வந்தவள்.

அன்றைக்கு அவள் வந்து புத்தகப்பையைக் கழற்றாமலே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் வேலை முடிந்து வந்த பிறகுதான் சொன்னாள்.

டீச்சர் கீறி முடித்துவிட்டு, வழக்கம் போல ஒவ்வொரு மேசையாக வந்து கொப்பிகளைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார். கொப்பியில் இருப்பது சின்னப் படம், அந்தக் குழாய்க்குள் அடங்கும். போர்டில் இருந்த பெரிய படம் அடங்காது. மகளுடைய கொப்பியைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"எழும்பும். இது என்ன?"

மகள் எழுந்து நின்றாள்.

"கோடு கோட்டை வெட்டுது. ஒரு இடத்தில இல்லை, மூண்டு இடத்தில. ஒரு வருசமா நான் என்ன படிப்பிக்கிறன்? ஆர் உமக்கு இப்பிடிக் கீறச் சொன்னது?"

மகள் பேசவில்லை. டீச்சருக்குக் கோபம் கூடியது. "வாய் இல்லையோ? ஆர் சொன்னது?"

மகளுக்கு அழுகை வந்துவிட்டதாம். பக்கத்து மேசைப் பிள்ளைதான் பொறுக்கமுடியாமல் சொன்னாள். "டீச்சர், போர்டுலயும் அப்படித்தானே இருக்கு."

டீச்சர் கொப்பியை மேசையில் வைத்தார். நேராகப் போர்டுக்குப் போனார். ஒரு கோட்டில் விரலை வைத்து, முகத்தைக் கிட்டக் கொண்டுபோய், அந்தக் கோட்டின் வழியே மெல்ல மெல்ல நகர்ந்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது. அங்கேயிருந்து மற்றக் கோட்டில் போனார். திரும்பி அதே இடத்துக்கு வந்தார்.

"ஓம். வெட்டுது" என்றார்.

டஸ்டரால் முழுவதையும் அழித்தார். திரும்பக் கீறவில்லை. மகளிடம் வந்து, "இரும் பிள்ளை. பிழை என்னுடையது" என்று சொல்லிவிட்டு, மணி அடிக்கும் வரைக்கும் கதிரையில் பேசாமல் இருந்தாராம். மணி அடித்ததும் பள்ளிக்கூட அதிபரின் அறைக்குப் போனார்.

"அப்பா, டீச்சருக்குக் கண்ணு தெரியாது" என்றாள் மகள். "ஒங்களுக்குத் தெரியுமா?"

"ம்" என்றேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "அவ சொல்லாம இருந்திருக்கலாம். படத்த நாங்க வீட்டுல திருத்திக்கிருவோம்" என்றாள். பக்கத்து மேசைப் பிள்ளையைத்தான் சொன்னாள்.

பெற்றோரைக் கூப்பிட்டுக் கூட்டம் வைத்தார்கள். அதிபர் அம்மா மறைக்காமல் சொன்னார். "சோதினை முடியும் வரைக்கும் இருங்க, போர்டுல கீற ஒரு ஆளப் பக்கத்துல நிப்பாட்டுறேன்னு கேட்டுப் பார்த்தேன். முடியாதுன்னுட்டாங்க. 'நான் பிழையாக் கீறினதே எனக்குத் தெரியேல்லை. அந்தப் பிள்ளையை ஏசிப்போட்டன். இனி நான் சரியெண்டு சொல்லுறதை அதுகள் எப்படி நம்புறது'ன்னு கேக்குறாங்க. நான் என்ன செய்ய?"

ஒரு தகப்பன் எழுந்து, "எத்தன நாளா எங்கள ஏமாத்துனாங்க?" என்று கத்தினார். இன்னொருவர், "போறதுன்னா ஆள் வந்த பொறகு போறதுதானே?" என்றார். இரண்டுக்கும் கைதட்டினார்கள். நான் கடைசி வாங்குப் பலகையில் இருந்தேன்.

ஆள் வரவில்லை. வசதியுள்ள இரண்டு பிள்ளைகள் கண்டி டவுனுக்கு டியூஷனுக்குப் போனார்கள். மற்ற ஏழு பேரும் பிரிவு மாறினார்கள். மகள் கொமர்ஸ் எடுத்தாள். ஒரு வருடம் பின்னால் போயிற்று. அவள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பேசாமல் இருப்பதில் அவள் என்னையும் மிஞ்சியவள்.

டீச்சரை நான் கடைசியாகக் கண்டது கண்டி பஸ் ஸ்டாண்டில். வெல்டிங் குச்சி வாங்கப் போயிருந்தேன். தூணோரமாகப் பெட்டியோடு நின்றார். கையில் குடை. பக்கத்தில் போய் நின்றேன். அவர் அசையவில்லை. பக்கத்தில் நிற்பவனை அவருக்குத் தெரியாது என்று பிறகுதான் நினைவு வந்தது. முன்னால் போய் நின்றேன். முகத்தை மெல்ல ஏற்றி இறக்கித் தேடினார்.

"வெல்டிங் தம்பியோ?"

"ஆமா டீச்சர். ஊருக்குங்களா?"

"ஓம். அக்காவின்ர மகன் கூட்டிக்கொண்டு போக வந்தவன். தண்ணிப் போத்தல் வாங்கப் போயிட்டான்." கொஞ்சம் நிறுத்தினார். "மகள் என்ன செய்யிறா?"

"கொமர்ஸ் மாறிட்டா டீச்சர்."

"பௌதிகவியல்?"

"படிச்சுக் குடுக்க ஆள் வரல."

ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு திரும்பியது.

"அண்டைக்கு அழிச்சுப்போட்டுத் திருப்பிக் கீறியிருக்கலாம். அதிபரிட்டப் போகாமல் விட்டிருக்கலாம். என்ன தம்பி?"

சும்மா கேட்கவில்லை. பதில் வேண்டும் என்றுதான் கேட்டார். முகத்தை என்னிடமே வைத்துக்கொண்டு நின்றார். விட்டிருக்கலாம் என்று சொன்னால் என் மகளுக்காகப் பேசுகிறேன். விட்டிருக்க முடியாது என்று சொன்னால் அவருக்காகப் பேசுகிறேன். இரண்டும் தொண்டை வரைக்கும் வந்தன.

"தெரியல டீச்சர்" என்றேன்.

"'தெரியாது' எண்டு எழுதினவைக்கு நான் ஒருநாளும் புள்ளி போட்டதில்லை." உதட்டில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. "ஆனா எனக்கும் தெரியேல்லைத் தம்பி."

அக்கா மகன் போத்தலோடு வந்தான். பெட்டியை ஒரு கையில் எடுத்துக்கொண்டு மற்றக் கையால் அவருடைய முழங்கையைப் பிடித்தான். அவர் தட்டிவிடவில்லை. வரிசையாக நாலைந்து பஸ்கள் நின்றன. எது என்று அவர் கேட்கவும் இல்லை.

வத்தேகம
2025 செப்டெம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை